எந்த கேம் கன்சோல் உண்மையில் பிரபலம்? ராமநாதபுரம் கடற்கரைக்காரர்கள் காசு கொடுக்கும் முன் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

வீட்டில் கேம் ஆட சோனியின் பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) எடுப்பதா, நின்டெண்டோவின் ஸ்விட்ச் எடுப்பதா, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் விலை குறைவாக இருக்கிறதே அதை எடுத்துவிடுவதா என்று கடையில் போய் நின்றால் "இதுதான் சார் நல்லாப் போகுது" என்று ஒரு பெட்டியை எடுத்து முன்னால் வைப்பார்கள். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டால் பதில் வராது. யூடியூப்பில் தேடினால் ஒவ்வொருவரும் ஒரு எண்ணைச் சொல்வார்கள், இரண்டு எண் ஒத்துப்போகாது. இந்த ஒப்பீட்டை ஒழுங்காகச் செய்து முடிக்க நான் பட்ட பாடு போதும், நீங்களும் அதையே படவேண்டாம் என்றுதான் இதை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

ராமநாதபுரம், கீழக்கரை, பெரியபட்டினம், மண்டபம், ராமேஸ்வரம், தேவிபட்டினம், தொண்டி என்று நம் பக்கத்து ஊர்களை மனதில் வைத்து எழுதியது இது. சென்னையில் இருப்பவருக்குப் பாதிதான் பொருந்தும். அங்கே ரிச்சி தெருவுக்குப் போனால் எந்தக் கருவிக்கும் ஒரு மெக்கானிக் கிடைப்பார். நமக்கு ஒன்று கெட்டால் மதுரை, அதற்கு மேல் சென்னை. ஆகவே நம் ஊரில் ஒரு கருவியை எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்பது வெறும் ஜம்பக் கணக்கு இல்லை. டிஸ்க் மாற்றிக்கொள்ள ஆள் இருக்கிறதா, ரிப்பேருக்கு யாராவது கை வைப்பார்களா, விற்றால் வாங்க ஆள் உண்டா என்பதெல்லாம் அதில்தான் அடங்கியிருக்கிறது.

1. எந்தப் பிரபலம் என்பதை முதலில் பிரியுங்கள்

"எது பிரபலம்" என்ற கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இதுவரை உலகத்தில் எத்தனை விற்றது, இப்போது எத்தனை பேர் விளையாடுகிறார்கள், உங்களுக்கு எட்டும் தூரத்தில் எத்தனை பேரிடம் இருக்கிறது. மூன்றுக்கும் மூன்று பதில் வரும். கடைசியில் வாங்குபவருக்கு உதவப்போவது மூன்றாவதுதான். ஆனால் முதல் இரண்டையும் பார்க்காமல் நேராக அதில் இறங்கினால், ஊரில் நாலு பேர் பழைய பிஎஸ்3 வைத்திருக்கிறார்கள் என்பதற்காகப் புது கேமே வராத ஒரு பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவருவீர்கள்.

ஒரு நோட்டில் மூன்று பத்தி கோடு போட்டுக்கொள்ளுங்கள். இனி வரும் ஒவ்வொரு படியிலும் கிடைப்பதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரிந்தால் குழப்பம் இல்லை.

2. உலகக் கணக்கை நிறுவனங்களிடமிருந்தே எடுங்கள்

செலவு எதுவும் இல்லை, அரை மணி நேரம் போதும். நின்டெண்டோவும் சோனியும் முதலீட்டாளர்களுக்காக மூன்று மாதத்துக்கு ஒரு முறை விற்பனை எண்ணிக்கையைத் தங்கள் இணையதளத்தில் போடுகின்றன. இரண்டும் ஜப்பான் நிறுவனங்கள், நிதியாண்டு நம்முடையதைப் போலவே ஏப்ரல் முதல் மார்ச் வரை. பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் தொடக்கத்தை ஒட்டிப் பார்த்தால் புது எண் கிடைக்கும்.

சரிபார்த்துக்கொள்ள வசதியாகச் சில எண்களை இங்கேயே தருகிறேன். 2000இல் வந்த பிஎஸ்2 மொத்தம் 16 கோடிக்கு மேல், வீட்டு கன்சோல்களில் இன்று வரை அதை எதுவும் தாண்டவில்லை. கைக்குள் வைத்து ஆடும் நின்டெண்டோ டிஎஸ் 15.4 கோடி. 2017 மார்ச்சில் வந்த ஸ்விட்ச் 15 கோடியைத் தாண்டிவிட்டது. பழைய கேம் பாயும் கேம் பாய் கலரும் சேர்த்து 11.87 கோடி, பிஎஸ்4 சுமார் 11.7 கோடி, முதல் பிளேஸ்டேஷனும் நின்டெண்டோ வீயும் ஆளுக்குப் பத்து கோடிக்குச் சற்று மேல். 2020 நவம்பரில் வந்த பிஎஸ்5, 2025 செப்டம்பர் முடிய 8.4 கோடி. ஸ்விட்ச் 2 வந்தது 2025 ஜூன் 5, முதல் நான்கு நாளில் 35 லட்சம், அந்த செப்டம்பர் முடிய ஒரு கோடியைத் தாண்டியது.

எக்ஸ்பாக்ஸ் பக்கம் வந்தால் இந்தப் படி அப்படியே நின்றுவிடும். மைக்ரோசாஃப்ட் 2015இலிருந்து எத்தனை கன்சோல் விற்றோம் என்பதைச் சொல்வதையே நிறுத்திவிட்டது. எக்ஸ்பாக்ஸ் 360 எட்டு கோடிக்கு மேல் போனது வரை தெரியும், அதற்குப் பிறகு வந்தவற்றுக்கு யார் எந்த எண்ணைச் சொன்னாலும் அது மதிப்பீடுதான். எண்ணை எழுதியவர் "மதிப்பீடு" என்ற சொல்லைப் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள், போடவில்லை என்றால் அந்தப் பக்கத்தையே மூடிவிடலாம்.

3. எண்களில் இருக்கும் பொறிகள்

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள், ஏமாறுவது இங்கேதான்.

நிறுவனம் சொல்லும் "விற்பனை" பெரும்பாலும் கடைகளுக்கு அனுப்பிய எண்ணிக்கை. கரைக்கு வந்த மீனும் குழம்பில் விழுந்த மீனும் ஒரே கணக்கு இல்லை என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு நிறுவனத்தின் அனுப்பிய கணக்கையும் இன்னொன்றின் கடைவழி விற்ற கணக்கையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் வெற்றி யாருக்கு என்பது ஒப்பிட்டவர் விருப்பம்தான்.

அடுத்தது, ஒரு பெயருக்குள் எத்தனை மாடலைச் சேர்த்திருக்கிறார்கள் என்பது. ஸ்விட்ச் என்ற ஒரே எண்ணுக்குள் சாதாரண மாடல், 2019இல் வந்த லைட், 2021இல் வந்த ஓஎல்இடி திரை மாடல் மூன்றும் இருக்கின்றன. லைட்டை டிவியில் மாட்ட முடியாது, அது முழுக்க முழுக்கக் கையில் வைத்து ஆடுவது. வீட்டில் ஏற்கனவே ஸ்விட்ச் வைத்திருந்தவரே பிள்ளைக்கு லைட் வாங்கினாலும் எண்ணிக்கையில் இரண்டு ஏறும்.

பெரிய பொறி வயது. எட்டு வருடம் விற்ற ஒன்றையும் ஐந்து வருடம் விற்ற ஒன்றையும் மொத்த எண்ணில் ஒப்பிடுவது நியாயமே இல்லை. வெளியான நாளிலிருந்து இத்தனை மாதத்தில் இத்தனை என்று ஒரே வயதில் வைத்துப் பாருங்கள். பிஎஸ்4 ஐந்து கோடியைத் தொட்டது 2016 டிசம்பர் தொடக்கத்தில், பிஎஸ்5 தொட்டது 2023 டிசம்பரில். இரண்டுக்கும் மூன்று வருடமும் சில வாரமும்தான் ஆனது, கிட்டத்தட்ட ஒரே வேகம். சிப் தட்டுப்பாட்டில் 2021, 22 முழுக்கக் கடைகளில் பிஎஸ்5 கிடைக்காமல் ஆட்கள் அலைந்ததையும் சேர்த்துப் பார்த்தால் புதியது சளைத்ததில்லை என்று புரியும்.

பழைய வெற்றி புதியதற்கு உத்தரவாதமும் இல்லை. வீ பத்து கோடி விற்ற பிறகு அதே நிறுவனம் 2012இல் இறக்கிய வீ யூ மொத்தமே 1.36 கோடியில் முடிந்தது. "நின்டெண்டோன்னா சும்மாவா" என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

4. இப்போது எத்தனை பேர் ஆடுகிறார்கள்

விற்ற பெட்டி அலமாரி மேல் தூசி படிந்து கிடக்கலாம். மாதம் எத்தனை பேர் உள்ளே வருகிறார்கள் என்ற கணக்குதான் உயிர் இருக்கிறதா என்று காட்டும். சோனி 2024 டிசம்பரில் தன் நெட்வொர்க்கில் மாதம் 12.9 கோடிக் கணக்குகள் இயங்குவதாகச் சொன்னது. இதில் பிஎஸ்4காரர்களும் அடக்கம். அதே 2024 நடுவில் சோனியே கொடுத்த விவரத்தில் மாதம் பிஎஸ்4இல் ஆடுபவர்களும் பிஎஸ்5இல் ஆடுபவர்களும் ஏறக்குறையச் சமமாக இருந்தார்கள். பிஎஸ்5 வந்து மூன்றரை வருடம் கழித்தும் இந்த நிலை.

நம்மைப் போல இரண்டாம் கையில் வாங்க நினைப்பவர்களுக்கு இது நல்ல செய்தி. பழைய பிஎஸ்4 இன்னும் செத்துப்போகவில்லை, கால்பந்து ஆட ஆள் கிடைக்கும். ஆனால் பெரிய புது கேம்கள் பல பிஎஸ்5க்கு மட்டும்தான் வருகின்றன என்பதையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

மைக்ரோசாஃப்ட் இதற்குப் பதிலாக கேம் பாஸ் என்ற தன் சந்தா சேவையின் சந்தாதாரர் எண்ணிக்கையைச் சொல்லும், 2024 பிப்ரவரியில் 3.4 கோடி. அதில் கம்ப்யூட்டரில் ஆடுபவர்களும் இருக்கிறார்கள் என்பதால் கன்சோல் எண்ணிக்கையோடு ஒப்பிடாதீர்கள். தவிர 2024இலிருந்து தன் சொந்த கேம்கள் பலவற்றை அந்த நிறுவனமே பிஎஸ்5க்கும் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. எக்ஸ்பாக்ஸ் வாங்காவிட்டால் அந்த கேம் கிடைக்காது என்ற பழைய பேச்சு இப்போது பாதி செல்லாது.

5. ஹேண்ட்ஹெல்டை ஒரே கூடையில் போடாதீர்கள்

ஹேண்ட்ஹெல்ட், அதாவது கையில் வைத்து ஆடும் கருவி என்ற பெயரில் இன்று நான்கு விதம் விற்கிறது, நான்கும் ஒன்றுக்கொன்று போட்டியே இல்லை.

டிவியிலும் மாட்டலாம், கையிலும் எடுத்துப் போகலாம் என்ற ஸ்விட்ச், ஸ்விட்ச் 2 ஒரு விதம். ராமேஸ்வரத்திலிருந்து சென்னைக்கு இரவு ரயிலில் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இதைப் போல வேறில்லை என்பது என் எண்ணம்.

கம்ப்யூட்டர் கேம்களைக் கையில் ஆட வைக்கும் ஸ்டீம் டெக், ஆசுஸ் ராக் அல்லி போன்றவை இரண்டாவது. 2022 பிப்ரவரியில் வந்த ஸ்டீம் டெக் "பல பத்து லட்சங்கள்" விற்றதாக வால்வ் நிறுவனம் 2023இல் சொன்னது, சரியான எண் இல்லை. பேச்சு பெரிதாக இருக்கும், ஆனால் கோடிகளில் விற்கும் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் வைத்தால் சின்னக் கூட்டம். அது மோசமான கருவி என்று அர்த்தமில்லை, உங்கள் தெருவில் இன்னொருவர் வைத்திருக்க வாய்ப்புக் குறைவு, அவ்வளவுதான்.

மூன்றாவது பிளேஸ்டேஷன் போர்ட்டல். விலையைப் பார்த்து இதைத் தனி கன்சோல் என்று நினைத்து வாங்குபவர்கள் உண்டு. வீட்டில் இருக்கும் பிஎஸ்5இன் படத்தை வைஃபை வழியாக இழுத்துக் காட்டுவதற்காக வந்தது அது, டிஸ்கும் போட முடியாது, கேமை உள்ளே ஏற்றவும் முடியாது. பிஎஸ்5 இல்லாத வீட்டுக்கு வேண்டாம்.

நான்காவது, ஆன்லைனில் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கும் "400 கேம் உள்ளே" வகை. தீபாவளிப் பட்டாசு வாங்கும் காசில் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கலாம், இந்த ஒப்பீட்டில் சேர்க்க வேண்டியதில்லை.

6. இந்தியாவில் யார் முறைப்படி விற்கிறார்கள்

உலகக் கணக்கும் நம் நாட்டுக் கணக்கும் பிரிவது இங்கே. நின்டெண்டோ இந்தியாவில் அதிகாரபூர்வமாகக் கன்சோல் விற்பதில்லை. கடையில் கண்ணாடிக்குள் இருக்கும் ஒவ்வொரு ஸ்விட்சும் யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. இந்தியாவுக்கென்று அவர்களின் ஆன்லைன் கடையும் இல்லை, கணக்கை வேறு நாட்டின் பெயரில்தான் திறக்க வேண்டும். உலகத்தில் 15 கோடி விற்ற கருவிக்கு நம் நாட்டில் நிறுவன வாரண்டி கிடையாது என்பதை நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் அப்படித்தான். ஸ்டீம் டெக்கும் இப்படியே, இறக்குமதி சரக்குதான்.

பிஎஸ்5 இந்தியாவுக்கு முறைப்படி வந்தது 2021 பிப்ரவரி 2. டிஸ்க் மாடல் 49,990 ரூபாய், டிஸ்க் இல்லாதது 39,990. 2024 ஏப்ரலில் ஸ்லிம் வந்தபோது 54,990, 44,990. எக்ஸ்பாக்ஸின் புது சீரிஸ் மாடல்கள் 2020 நவம்பரிலேயே வந்தன, சீரிஸ் எக்ஸ் 49,990, சீரிஸ் எஸ் 34,990. இவை அறிமுக விலைகள், இன்றைய விலை வேறு. கடைக்காரர் சொல்லும் விலை எந்தப் பக்கம் நிற்கிறது என்று ஊகிக்க மட்டும் பயன்படுத்துங்கள். ஆசுஸ் ராக் அல்லியும் 2023இல் 69,990 ரூபாய்க்கு முறைப்படி வந்தது.

7. தமிழ்நாட்டுத் தேடலைப் பாருங்கள்

எதை எவ்வளவு தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸைத் திறந்து ஒப்பிட வேண்டிய பெயர்களைப் போடுங்கள், ஒரே நேரத்தில் பல பெயர்களைப் போடலாம். பகுதி என்ற இடத்தில் இந்தியா, அப்புறம் தமிழ்நாடு. காலம் முதலில் ஐந்து வருடம், பிறகு பன்னிரண்டு மாதம் என்று இரண்டு முறை பாருங்கள்.

பெயரை அடிக்கும்போது கீழே வரும் பட்டியலில் தேடல் சொல்லைத் தொடாமல், கேம் கன்சோல் என்று குறிப்புப் போட்டிருக்கும் தலைப்பைத் தொட வேண்டும். வெறும் ஸ்விட்ச் என்று போட்டால் வீட்டு மின்சார ஸ்விட்ச் வாங்கத் தேடியவர்கள் எல்லாரும் உள்ளே வந்துவிடுவார்கள், நின்டெண்டோ தமிழ்நாட்டில் கொடிகட்டிப் பறப்பதாகத் தெரியும்.

வரைபடத்தில் 100 என்பது நூறு பேர் இல்லை, நூறு சதவீதமும் இல்லை. அந்தக் காலத்தில் இருந்த உச்சத்துக்கு வைத்த பெயர்தான் அது. மற்றதெல்லாம் அந்த உச்சத்தோடு ஒப்பிட்ட அளவு. விலைக் குறைப்பு, புது கேம் வெளியீடு என்று ஏதாவது வந்தால் அந்த வாரம் கோடு எகிறும், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஊர் அளவுக்கு இறங்கினால் நம் ஊர்களில் தேடலே குறைவு என்பதால் காலியாக இருக்கும், அங்கே எதுவும் தெரியவில்லை என்பதால் யாரும் ஆடவில்லை என்று ஆகாது.

8. உங்கள் கரைக் கணக்கை எடுங்கள்

மேலே சொன்ன எல்லாவற்றையும் விட எனக்கு உதவியது இதுதான். ஒரு வாரம் ஒதுக்குங்கள், கையில் நோட்டு இருக்கட்டும்.

யாரோடு ஆடப்போகிறீர்களோ அவர்களிடம் முதலில் கேளுங்கள். தங்கை மகன், பக்கத்து வீட்டுப் பையன், கல்லூரி நண்பன் என்று உண்மையில் வீட்டுக்கு வந்து உட்காரப்போகும் ஆட்களிடம். "என்ன வச்சிருக்கீங்க" என்பதோடு விடாமல் "கடைசியா எப்ப ஆடினீங்க" என்பதையும் கேளுங்கள். வைத்திருப்பதும் ஆடுவதும் வேறு என்று அங்கேயே தெரிந்துவிடும்.

பிறகு மணிக்கணக்கில் காசு வாங்கும் கேம் சென்டர்கள். உள்ளே என்ன ஓடுகிறது, பிஎஸ்4ஆ 5ஆ, எந்த கேமுக்குப் பையன்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்று கவனியுங்கள். நடத்துபவரிடம் பேச்சுக் கொடுத்தால் எந்தக் கருவி அடிக்கடி ரிப்பேருக்குப் போகிறது, எங்கே சரிசெய்கிறார் என்பதைச் சொல்வார். அந்த மெக்கானிக் நம்பர் தங்கம், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஓஎல்எக்ஸிலும் முகநூல் சந்தையிலும் ராமநாதபுரம், மதுரை என்று இடம் போட்டு ஒவ்வொரு கருவிக்கும் எத்தனை விளம்பரம் நிற்கிறது என்று எண்ணுங்கள். இதில் ஒரு நுணுக்கம். விளம்பரம் நிறைய இருப்பது பிரபலத்தையும் காட்டலாம், சலித்துப்போய்த் தள்ளிவிடுவதையும் காட்டலாம். ஒரு வாரம் கழித்து அதே விளம்பரங்களைத் திரும்பப் பாருங்கள். காணாமல் போனவை விற்றவை, அப்படியே நிற்பவை போகாதவை. இந்த ஓட்டம்தான் நாளைக்கு நீங்கள் விற்கும்போது என்ன விலை கிடைக்கும் என்பதைச் சொல்லும்.

நான் பார்த்த வரையில் நம் கரையில் பிளேஸ்டேஷன் கைதான் ஓங்கியிருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் ஆங்காங்கே. ஸ்விட்ச் இருக்கும் வீடுகளைக் கேட்டால் பெரும்பாலும் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ ஆள் இருக்கும். உங்கள் தெருவில் வேறு மாதிரி இருந்தால் உங்கள் நோட்டை நம்புங்கள், என்னை நம்ப வேண்டாம்.

9. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால் காகிதங்கள்

துபாயில் இருக்கும் காக்காவோ (அண்ணனோ) மச்சானோ வரும்போது கொண்டுவரட்டும் என்று முடிவு செய்தால், அவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை இவை.

கடை பில் அவர் பெயரில், தேதியோடு, சீரியல் எண்ணோடு வாங்கச் சொல்லுங்கள். பில் இல்லாவிட்டால் சுங்க அதிகாரி போடும் மதிப்புதான் மதிப்பு. பில்லைப் போனில் படம் எடுத்தும் வைத்துக்கொள்ளட்டும். பாஸ்போர்ட், பயணச்சீட்டு எப்படியும் கையில் இருக்கும்.

தீர்வையில்லாமல் கொண்டுவரும் பொருளுக்கு மதிப்பு வரம்பு உண்டு. 2016ஆம் ஆண்டு பேகேஜ் விதிகளில் அது 50,000 ரூபாயாக இருந்தது, 2026 பிப்ரவரியில் வந்த புது விதிகளில் 75,000 ரூபாய். 2016 விதிகளின் காலத்தில் வரம்புக்கு மேல் போன தொகைக்கு 35 சதவீதத் தீர்வையும் அதன் மேல் சமூக நல மேல்வரியும் சேர்த்து 38.5 சதவீதம் கட்ட வேண்டியிருந்தது. இவை பட்ஜெட்டில் மாற்றப்படும் விஷயங்கள், ஆகவே டிக்கெட் போட்ட வாரமே சுங்கத் துறை இணையதளத்தில் அன்றைய வரம்பையும் விகிதத்தையும் பார்த்துவிடுங்கள். வரம்பைத் தாண்டினால் விமான நிலையத்தில் தீர்வை கட்ட வேண்டியவர்களுக்கான சிவப்புத் தடத்தில் போய்ச் சொல்லிக் கட்டுவதுதான் நல்லது. அதிதி என்ற சுங்கத் துறை செயலியில் முன்கூட்டியே அறிவிக்கவும் வழி இருக்கிறது.

பலர் போடும் தப்புக் கணக்கு ஒன்று: "நானும் மனைவியும் வர்றோம், ரெண்டு பேர் வரம்பையும் சேர்த்தா தாண்டாது." சேர்க்க முடியாது. ஒருவர் வரம்பு ஒருவருக்குத்தான். அந்த வரம்புக்குள் கன்சோல் மட்டுமில்லை, அவர் கொண்டுவரும் போன், வாசனைத் திரவியம், மற்ற புதுப் பொருள் எல்லாம் அடங்கும். ஊருக்கு வரும் மனிதர் பத்துப் பேருக்கு வாங்கியிருப்பார், உங்கள் கன்சோலுக்கு எவ்வளவு இடம் மிச்சம் என்று கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள்.

ஸ்விட்ச் மாதிரி பேட்டரி உள்ள கருவியைக் கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள். பவர் பேங்க் செக்-இன் பெட்டியில் போகவே கூடாது.

வளைகுடாவில் வாங்கிய பிஎஸ்5 நம் கரண்டில் நேராக ஓடும், பிளக் முனைதான் வேறு. அதற்குத் தேவையான எட்டு வடிவ வயர் ராமநாதபுரத்திலேயே எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும். டிஸ்குக்கு நாட்டுத் தடை இல்லை, ஆனால் டிஸ்க் ஒரு நாட்டுடையதாகவும் உங்கள் கணக்கு வேறு நாட்டுடையதாகவும் இருந்தால் காசு கொடுத்து வாங்கும் கூடுதல் பகுதிகள் சேராமல் போகலாம். வாரண்டி வாங்கிய நாட்டில்தான்.

ஜப்பானிலிருந்து ஸ்விட்ச் 2 வரவழைப்பவர்கள் தனியாகக் கவனியுங்கள். 2025இல் அங்கே 49,980 யென்னுக்கு வந்தது ஜப்பானிய மொழி மட்டும் உள்ள மாடல், ஜப்பான் கணக்கோடு மட்டும்தான் சேரும். பல மொழி மாடலின் அறிமுக விலை 69,980 யென். மலிவாக இருக்கிறது என்று யாராவது முதலாவதை வாங்கி வந்தால் பெட்டியிலிருந்து எடுத்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

10. இரண்டாம் கை வாங்கினால்

பிஎஸ்4 விற்பவர் "உள்ளே முப்பது கேம் இருக்கு அண்ணே" என்றால் அங்கேயே நில்லுங்கள், ஜெயில்பிரேக் செய்ததாக, அதாவது நிறுவனத்தின் பூட்டை உடைத்துத் திருட்டு கேம் ஏற்றியதாக இருக்கலாம். அதை ஆன்லைனில் கொண்டுபோனால் தடை விழும் ஆபத்து உண்டு. உங்கள் சொந்தக் கணக்கைப் போட்டு அவர் முன்னாலேயே ஆன்லைன் கேம் ஒன்றைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், சாக்குச் சொன்னால் கிளம்பிவிடலாம்.

கடலோர வீட்டில் இருந்த பெட்டியா என்று கேளுங்கள். எச்டிஎம்ஐ, யூஎஸ்பி வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் உப்புக்காற்று உள்ளேயும் போயிருக்கும். டிஸ்க் போட்டு எடுங்கள், கன்ட்ரோலர் குச்சியைத் தொடாமலே திரையில் ஆள் நகர்கிறானா பாருங்கள், அரை மணி நேரம் ஓடவிட்டு விசிறிச் சத்தம் கேளுங்கள். பெட்டியில் உள்ள சீரியல் எண்ணும் கருவியின் பின்னால் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய பில் இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பில் இல்லையென்றால் விற்பவர் கையெழுத்தில் சீரியல் எண்ணோடு ஒரு வெள்ளைத்தாள் போதும், திருட்டுப் பொருள் என்று நாளைக்கு யாராவது வந்தால் காட்டுவதற்கு.

11. மொத்தச் செலவும் காலமும்

பிஎஸ்5ஐயும் எக்ஸ்பாக்ஸையும் அறிமுக விலையில் மட்டும் ஒப்பிட்டால் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் ஜெயிக்கும். ஆனால் அதில் டிஸ்க் போட இடமில்லை, எல்லாம் டவுன்லோடு. பெரிய கேம் ஒன்று ஐம்பதிலிருந்து நூறு ஜிபி வரை போகும். ஃபைபர் இணைப்பு இல்லாத வீட்டில் போன் டேட்டாவை வைத்து இதை இறக்குவது நடக்காத காரியம். டிஸ்க் என்றாலும் அப்டேட் இறங்கும், ஆனால் மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம். பெரிய புது கேம் ஒன்று ஐயாயிரம் ரூபாயை ஒட்டி நிற்கும்போது நாலு பேர் சேர்ந்து ஆளுக்கு ஒரு டிஸ்க் வாங்கிச் சுற்றுவதுதான் நம் ஊர்க் கணக்கு. ஆகவே டிஸ்க் மாடலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு சில கேம்களிலேயே திரும்பி வந்துவிடும்.

இரண்டாவது கன்ட்ரோலருக்கு ஆறாயிரத்தை ஒட்டி வையுங்கள். காசு கொடுத்து வாங்கிய கேமை ஆன்லைனில் ஆட வருடச் சந்தா தனி, இலவச கேம்களுக்கு பிளேஸ்டேஷனிலும் எக்ஸ்பாக்ஸிலும் அது தேவையில்லை. கரண்ட் அடிக்கடி வந்து போகும் பகுதி என்றால் சின்ன யூபிஎஸ் ஒன்று கட்டாயம்.

தள்ளுபடி எதிர்பார்ப்பவர்கள் தீபாவளிக்கு முந்தைய ஆன்லைன் விற்பனைக் காலம் வரை பொறுக்கலாம். தவணையில் எடுப்பவர்கள், வீட்டு வருமானம் விசைப்படகை நம்பி இருந்தால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதை மனதில் வைத்துத் தவணை மாதங்களைத் தேர்ந்தெடுங்கள். அந்த இரண்டு மாதமும் தவணைத் தேதி மட்டும் தவறாமல் வரும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கூரியரில் வரவழைப்பதானால், பெட்டி வந்த உடனே பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். ஈரம் பட்டு வந்திருந்தால் அந்த வீடியோவும், ஜிஎஸ்டி பில்லும், கூரியர் சீட்டும் மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் மாற்றித் தரச் சொல்லி நீங்கள் பேச முடியும்.